இருநூற்றைம்பது சொற்களுக்குள்

முதற் படிவங்கள் புள்ளிகளை மட்டும் கேட்டன.
கொடுத்தேன்.
பூச்சியம் தசம் பூச்சியம் மூன்றால்
உள்ளூர்க் கதவு சாத்தியபின்
கடல் தாண்டி எட்டுக் கல்லூரிகளுக்கு.
இப்போது இரண்டாம் படிவங்கள் வந்திருக்கின்றன.
இவை ஆளைக் கேட்கின்றன.

ஏன் மருத்துவம்? ஏன் எங்கள் கல்லூரி?
நீ எதிர்கொண்ட இடர் ஒன்றை
இருநூற்றைம்பது சொற்களுக்குள் விவரி.

துறைநீலாவணையிலிருந்து சைக்கிளில்
வாவிக்காற்று முகத்தில் அடிக்கக் கல்முனைக்கு வருகிறேன்.
இம்தாத் நானாவின் கொமினிகேஷனில்
எனக்கு இரண்டாவது கணினி.
அதில் ஆங்கில ஈ இறுகிக் கிடக்கும்,
ஓங்கி அழுத்தினால் இரண்டு தரம் விழும்.

கொப்பியில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்:
கடைசித் திகதி, கட்டணம், யாரிடம் கடன்,
அவர்கள் ஊர் மணி.
காத்மண்டு எங்களுக்குக் கால் மணி முந்தி.
டாக்கா அரை மணி.
மின்ஸ்க் இரண்டரை மணி பிந்தி,
குவைத்தில் பாத்திரம் கழுவும் அம்மாவைப் போல.

இடர் என்று என்னிடம் இருந்தது
அப்பாவின் வலது கால்.
வயலில் முள் குத்தியது. சீனி வருத்தம்.
பதினொரு நாள் ஒளித்தார்.
மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில் மூன்று விரல்கள் போயின.
கட்டு மாற்ற நான் பழகினேன்.

ஐந்நூறு சொல் தந்த கல்லூரிக்கு
வார்ட்டின் மணமும் எழுதினேன்,
பக்கத்துக் கட்டிலில் ஒளித்து மாங்காய் தின்ற
களுதாவளைக்காரரையும் எழுதினேன்.
இருநூற்றைம்பதில் மாங்காய் போனது.
நூற்றைம்பதில் வார்ட்டு போனது.
மனிலா எழுபத்தைந்துதான் தந்தது.
டொக்டர்கள் விரலோடு விட்ட காலை
நான் கணுக்கால் வரை வெட்டினேன்.

காத்மண்டுவுக்குப் போகவிருந்த தாளில்
'டாக்காவில் படிப்பதே என் சிறுவயதுக் கனவு'
என்று கிடந்தது.
தேத்தண்ணி வைக்க வந்த இம்தாத் நானாதான் கண்டார்:
"கனவுக்கு ஊர் மாறிக் கிடக்கு, தங்கச்சி."

ஏழு போன இரவு
அப்பா கேட்டார்,
"என்னப் பத்தி எழுதினியாமே. வாசி புள்ள."
தமிழில் சொல்லச் சொல்ல
கால் நல்ல ஆங்கிலத்திலிருந்து இறங்கி
எங்கள் வீட்டுக் கட்டிலில் வந்து கிடந்தது.
ஏழிலும் நான் வைத்த அந்தப் பெரிய சொல்லுக்கு
அகராதி 'மீண்டெழும் ஆற்றல்' என்றது.
அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.
பிறகு,
"முள்ளில்ல புள்ள. சப்பாத்து."

எந்தச் சப்பாத்து?

"நீ ஒம்பது ஏ எடுத்த பரிசளிப்புக்கு
குணசீலன்ட வாங்கிப் போட்டன். சின்னம்தான்.
மேடைக்குக் கூப்பிடுவாங்க எண்டு சொன்னியே.
கடிச்சிருக்கு. நோவே தெரியல்ல."

நோவு தெரியாமைக்கு ஒரு பெயர் உண்டு.
பாடமாக்கியிருக்கிறேன். சொல்லவில்லை.
சுவரில் அந்தப் படம்:
அவர் நேராக நிற்கிறார்.
நான் கேடயத்தைப் பார்க்கிறேன்.

அனுப்பியதைத் திருத்த வழியில்லை.
ஏழு நகரங்களில் முள் குத்தியிருக்கிறது.

எட்டாவது மின்ஸ்க். இன்று கடைசி.
அது இடரையே கேட்கவில்லை.
இரத்த வகை, விடுதி வேண்டுமா,
குளிருக்குப் பழக்கமா,
வெள்ளைக் கோட்டின் அளவு.
கட்டணம் போட்டாச்சு என்று அம்மாவின் குரல்
நேற்றே வந்துவிட்டது.
ஐந்து நிமிட வேலை.

ஆகக் கீழே ஒரு வெற்றுப் பெட்டி:
வேறேதும் சொல்ல விரும்புகிறீரா?
கட்டாயமில்லை.

இம்தாத் நானா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
வெளியே போனில் யாரோடோ நெல் விலை பேசுகிறார்.
சப்பாத்துக்கு ஆங்கிலத்தில் எழுதினாலும்
கடைசியில் அந்த ஈ வருகிறது.
அழுத்தினேன். விழவில்லை.
ஓங்கி அழுத்தினேன்.
இரண்டு விழுந்தன.
ஒன்றை அழித்தேன்.